கோலே போடாத ஆளுக்குச் சுவரில் என்ன வேலை

அரியலூர் மைதானத்துச் சுவரில் பழைய ஹாக்கி வீரர்களின் படங்களை மாட்டி, 'பெருமைமிகு வீரர்கள்' என்று தலைப்புப் போட விழாக் குழு முடிவு செய்தபோது முதலில் அடிபட்டது என் பெயர்தான். நான் கோல் கீப்பர். எங்களுக்கு எதிராக அதிகம் கோல் விழுந்ததில்லை. ஆகவே நான் பெரிய கீப்பர். இந்தத் தர்க்கத்தில் இருக்கும் ஓட்டையை, எனக்கு முன்னால் நின்ற ரைட் பேக் ஒருவன்தான் அடைத்துக்கொண்டு நின்றான்.

எதிரணி ஆள் பந்தோடு வருவான். இவன் ஓடமாட்டான், பாயமாட்டான். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து ஸ்டிக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைப்பான். வந்தவன் பந்து இல்லாமல் என் வரைக்கும் ஓடிவந்து, தேதி மாறி வந்த கல்யாண விருந்தாளி மாதிரி விழித்துவிட்டுத் திரும்பிப் போவான். நான் போஸ்டில் சாய்ந்தபடி ரோட்டில் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளை வேடிக்கை பார்ப்பேன். அவன் காய்ச்சலில் படுத்த ஓர் ஆட்டத்தில்தான் ஹாக்கிப் பந்து எவ்வளவு கெட்டியானது என்பது எனக்குத் தெரிந்தது.

இப்போது எறையூர்ப் பக்கம் கரும்பு போடுகிறான். சேதி காதில் விழுந்ததும் போன் செய்தான்.

"செவுத்துல உன்னப் போடறாங்களாமே?"

"ஆமா."

"என்னையும் போடச் சொல்லுடா. வெக்கத்த வுட்டுக் கேக்கறேன். பொண்ணு குடுத்த எடத்துல நான் ஹாக்கி ஆடுனேன்னா சிரிக்கிறாங்க. ஓரமா நின்னு பந்து பொறுக்கிப் போட்ட ஆளுன்னு சம்பந்தி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு."

மகளை மீன்சுருட்டியில் கொடுத்திருந்தான். அந்தச் சம்பந்தி ஒரு விஷயத்தைக் காலையில் சொன்னால் மதியத்துக்குள் அது ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது நான் குடியிருக்கும் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பஸ் ஏறிப் போய்க் குழுத் தலைவரைப் பார்த்தேன். அவர் எங்கள் அணியின் ஃபார்வேர்ட். இப்போது மனை விற்கிறார். கோல் போட்டவன் கையை விரித்துக்கொண்டு ஓடும் அந்த நடை மட்டும் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. டீக்கடைக்கும் அப்படித்தான் போகிறார்.

"அவன் எத்தன கோல் போட்டான்?"

"ஒண்ணும் போடல. அவன் பேக்."

"அதத்தான் நானும் கேக்கறேன். கோலே போடாதவனுக்குச் செவுத்துல என்ன வேல? பாக்கறவன் எதுக்குன்னு கைதட்டுவான்?"

"வந்தத எல்லாம் தடுத்தானே."

"தடுத்தது நீதானப்பா. அதுக்குத்தான் உன்னப் போடறோம்ல."

பூட்டுக்கு யாரும் சால்வை போர்த்துவதில்லை. திருடு போகாத வீட்டுக்காரரைத்தான் கெட்டிக்காரர் என்பார்கள். அந்த வீட்டுக்காரர் நான் என்பதால் மேற்கொண்டு வாதாடுவது கஷ்டமாக இருந்தது. கடைசியில், "அவன் இல்லேன்னா என்னையும் போட வேணாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநொடியே, ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. என் மேல் இருந்த மரியாதையால் அல்ல. அழைப்பிதழில் என் பெயர் அச்சாகிவிட்டது.

"சரி, அவன் போட்டோ குடு. போட்டுத் தொலைக்கிறோம்."

அங்கேதான் சிக்கல். எங்கள் ஊர் போட்டோக்காரர்கள் எப்போதும் எதிரணி போஸ்டுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். கோல் அங்கேதானே விழும். ஆகவே பழைய படங்களில் எல்லாம் தலைவர் பெரிதாக இருந்தார், இவன் தூரத்தில் எள்ளு மாதிரி இருந்தான். குரூப் போட்டோவிலோ தலைவர் தூக்கிப் பிடித்த கோப்பை இவன் முகத்தை மறைத்தது. வேறு வழியில்லாமல், மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தைக் கொடுத்தான்.

விழா அன்று காலை சுவரைப் பார்த்தேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அந்த முகத்தை வெட்டி, எங்கிருந்தோ எடுத்த ஓர் உடம்பில் ஒட்டியிருந்தார். எங்கள் செம்மண் மைதானத்தில் ஆடியவன், நீலத் தரையில், நெற்றியில் சந்தனத்தோடு, ஸ்டிக்கை உயர்த்தி ஆகாயத்தில் பறந்தான். பந்து வலைக்குள் கிடந்தது. நடுக்கோட்டைத் தாண்டினால் தீட்டு என்பது போல் ஆடிய மனிதன். பக்கத்தில் நான், பாய்ந்து பந்தைத் தடுக்கும் கோலத்தில். உண்மையில் அது, கோப்பை வாங்க ஓடி வழுக்கி விழுந்தபோது எடுத்தது.

தலைவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கக் கிளம்பினேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"சும்மா இருடா. சம்பந்தி வராரு."

வந்தவர் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இவ்ளோ பெரிய ஆளுன்னு தெரியாமப் போச்சே சம்பந்தி. எத்தன கோல் போட்டிருப்பீங்க?"

"கணக்கு வெச்சுக்கலைங்க" என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

"இவரு யாருங்க?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"எனக்குப் பின்னால நின்னவருங்க."