ஓமுக்குப் பூச்சியம்

போன சனிக்கிழமை ஒரு கொம்பியூட்டர் என் கண் முன்னால் ஆள் பார்த்து நடந்துகொண்டது.

ஒருவர் விசையை அழுத்தினால் சொன்ன வேலையைச் செய்தது. இன்னொருவர் அழுத்தினால் ‘போய்ட்டு வாங்கோ’ என்று அனுப்பிவிட்டது. அரசாங்கக் கந்தோர்களில் இப்படி நடந்தால் நாங்கள் ஆச்சரியப்படுவதில்லை. மெசினுமா?

நடந்தது எங்கள் ஊர்த் திருநெல்வேலியில், பலாலி வீதியோரத்து வீடொன்றின் முன்னறையில். சில மாதங்களாக நான் அங்கே கொம்பியூட்டர் படிக்கிறேன். இதை ஒருமுறை இந்தப் பக்கத்தில் உளறிவிட்டேன். அன்றிலிருந்து கடிதங்கள் வருகின்றன. கறண்டே இல்லாத ஊரில் கொம்பியூட்டர் எதற்கு என்று கேட்கிறார் ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் இதெல்லாம் மண்டையில் ஏறுமா என்று கேட்கிறார் இன்னொருவர். இரண்டாமவர் என் மைத்துனர். அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். நேரில் வந்தே கேட்டிருக்கலாம்...

முதல் கேள்விக்குப் பதில் — மண்ணெண்ணெய். ஜெனரேற்றர் ஓடுகிற நேரம் மெசின்; ஓடாத நேரம் கடதாசி. புரோகிராமைக் கடதாசியில் எழுதி, வெட்டி, திருப்பி எழுதி வைத்திருப்போம். ஜெனரேற்றர் உறுமத் தொடங்கியதும் அவரவர் முறைக்கு ஓடிப்போய் அடிப்போம். இரண்டாவது கேள்விக்குப் பதில் — ஏறும். கொஞ்சம் மெல்ல ஏறும்.

நாங்கள் படிப்பது பாஸ்கல் என்ற பாஷை. இதில் கொம்பைலர் என்று ஒரு ஆள் இருக்கிறார். ஆள் என்றால் ஆள் இல்லை, அதுவும் ஒரு புரோகிராம்தான். நாம் எழுதியதை முழுவதும் வாசித்து, இலக்கணம் சரி என்றால்தான் மெசினுக்கு விளங்கும்படி மாற்றித் தரும். ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டாலும் மாட்டேன் என்று நின்றுவிடும்.

அதிலும் ஒரு வேடிக்கை. நாம் அரைப்புள்ளியை விட்டது ஒரு வரியில் இருக்கும். அது அடுத்த வரியைக் காட்டி முறைக்கும். பிழை எங்கே நடந்தது என்று அதற்குத் தெரியாது. தனக்கு எங்கே தடக்கியது என்று மட்டுந்தான் தெரியும். மத்தியானம் சம்பலில் உப்பு இல்லை என்று வீட்டில் சண்டை வருகிறதே — அது சம்பலால்தான் வருகிறதா? காலையில் என்ன நடந்தது என்று கொஞ்சம் மேலே போய்ப் பார்க்க வேண்டாமா?

அது போகட்டும். எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான்: கொம்பைலர் பிழை இல்லை என்று சொல்லிவிட்டால் புரோகிராம் சரிதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மனோகரியின் விஷயத்தைப் பார்க்கும் வரை.

மனோகரி என்னோடு படிப்பவர். உடுப்பிட்டியில் இருந்து சைக்கிளில் வருகிறார். முன்பு ஒரு கந்தோரில் ரைப்பிஸ்ட்டாக இருந்தவர், கந்தோர் மூடப்பட்டுவிட்டது. கணவர் கடல் தொழில். சண்டை நடக்கிற இந்த நாளில் கடலுக்குப் போக முடியுமா? இரண்டு பெண் பிள்ளைகள். இந்த நிலையில்தான் எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் ஒரு நாள் வகுப்பில் சொன்னார் — நெல்லியடியில் இன்னொரு வகுப்புத் தொடங்கப் போகிறாராம். எங்களில் ஒருவருக்குப் படிப்பிக்கும் வேலை தருவாராம். ஆனால் அவரவர் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அதை மெசினில் ஓட்டிப் பார்த்து ஆளைத் தெரிவது அவரேயாம்.

மனோகரி அன்று வீட்டுக்குப் போகாமல் நெடுநேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசல் படலையடியில் நின்றார். அந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அதிலேயே தெரிந்தது.

அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. ரைப் அடிக்கிற கை. அவர் பழகிய பழைய ரைப்ரைட்டரில் ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் விசையே கிடையாது. ஒன்று வேண்டுமா? சின்ன ‘எல்’லை அடி. பூச்சியம் வேண்டுமா? பெரிய ‘ஓ’வை அடி. கடதாசியில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்; மனேச்சர் கையெழுத்து வைத்துவிடுவார். கொம்பைலர் வைக்குமா? பத்து என்று மனோகரி அடித்ததைப் பார்த்து, இப்படி ஒரு சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை என்றது. நாங்கள் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தோம். பத்து, பத்தாகத்தான் இருந்தது! கடைசியில் சேர் வந்து அந்தப் பத்தைத் தானே அடித்தார். பிழை போய்விட்டது.

காரணம் தெரிந்ததும் மனோகரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் பழைய கலண்டர் மட்டையில் கீபோர்ட்டை அச்சாக வரைந்து வைத்து, பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம், பால் காய்கிற நேரம் எல்லாம் விரலைப் பழக்கினார்.

“அண்ணை, தனி வட்டம் எண்டால் இனி எப்பவும் மேல் வரிசைப் பூச்சியம்தான். விரலுக்குச் சொல்லிப்போட்டன்” என்றார் என்னிடம்.

விரலும் கேட்டுக்கொண்டது. அளவுக்கு மிஞ்சிக் கேட்டுக்கொண்டது என்பதுதான் பின்னால் வந்த வினை.

அவர் எழுதிய புரோகிராம் பிள்ளைகளுக்கு வாய்பாடு கேட்கிறது. ஒரு கணக்குக் கேட்கும்; விடை சரியா பிழையா என்று சொல்லும்; இன்னும் ஒரு கணக்கு வேண்டுமா என்று விசாரிக்கும். எல்லாம் ஆங்கில எழுத்தில் எங்கள் தமிழ். பதிலுக்கு யெஸ், நோ என்பவற்றின் முதலெழுத்தைப் போடச் சொல்லித்தான் சேர் படிப்பித்திருந்தார். மனோகரி ஒத்துக்கொள்ளவில்லை. எந்தப் பிள்ளை வீட்டில் யெஸ் என்கிறது? ஓம் என்றுதானே சொல்கிறது? ஆகவே ஓமுக்கு ஆங்கில ‘ஓ’, இல்லைக்கு ஆங்கில ‘ஐ’ என்று வைத்தார். கொம்பைலர் மூச்சுக்கூட விடவில்லை. அவரே பலமுறை ஓட்டியும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

போன சனிக்கிழமை சோதனை. எங்கள் எல்லோருக்கும் முடிந்து கடைசியாக மனோகரி. சேர் கதிரையில் உட்கார்ந்தார். மெசின் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டது. ஐம்பத்தாறு என்றார். சரியாம். இன்னும் ஒரு கணக்கு வேண்டுமா? சேர் ‘ஓ’வை அழுத்தினார்.

‘போய்ட்டு வாங்கோ’ என்றது மெசின்.

திரும்பவும் ஓட்டினார். திரும்பவும் போய்ட்டு வாங்கோ. மனோகரியின் முகம் வெளுத்துவிட்டது. கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்துத் தானே அழுத்தினார். உடனே அடுத்த கணக்கு வந்தது. சேர் அழுத்தினார் — போய்ட்டு வாங்கோ. மனோகரி — கணக்கு. சேர் — போய்ட்டு வாங்கோ. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மனோகரியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஜெனரேற்றர் வேறு இருமத் தொடங்கியிருந்தது.

“இன்னொருக்கா அமத்துங்கோ சேர்” என்றார் மனோகரி.

இந்த முறை அவர் திரையைப் பார்க்கவில்லை. சேரின் விரலைப் பார்த்தார். விரல் எழுத்து வரிசைக்குப் போனது. அதற்கு நேர் மேலே, இலக்க வரிசையில், பூச்சியம் சும்மா இருந்தது.

“பிழை என்ரைதான் சேர். நான் ஓமுக்குப் பூச்சியம் போட்டு வைச்சிருக்கிறன்.”

விளங்கியதா? சொல்லுக்குள் வருகிற ‘ஓ’வை அவர் விரல் சரியாகவே அடித்தது. தனியாக நின்ற ஒரே ஒரு ‘ஓ’வைக் கண்டதும் மட்டையில் பழகிய பழக்கத்தில் மேல் வரிசைக்குத் தாவிவிட்டது. எழுதும்போதும் பூச்சியம், ஓட்டிப் பார்க்கும்போதும் பூச்சியம். இரண்டு பிழையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு சரிபோல நின்றன. கொம்பைலரைக் குறை சொல்ல முடியாது. அது இலக்கணம் பார்க்கிற ஆள். நீங்கள் நினைத்தது என்ன என்று அதற்கு எப்படித் தெரியும்?

எண்ணெய் முடியப்போகிறது, அடுத்த கிழமை பார்ப்போமா என்று சேர் கேட்டார். மனோகரி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வரிக்குப் போனார். அடித்தார். கொம்பைலரைக் கூப்பிட்டார். நான் ஜெனரேற்றரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். அது நிற்கக் கூடாது என்று இவ்வளவு நேர்ந்துகொண்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பிழை இல்லை.

சேர் பெரிய ‘ஓ’வை அழுத்தினார். கணக்கு வந்தது. ஏதோ சந்தேகத்தில் சின்ன ‘ஓ’வை அழுத்தினார். கணக்கு வந்தது. யெஸ்ஸின் முதலெழுத்துக்கும் வந்தது. கடைசியாகப் பூச்சியம். அதற்கும் கணக்கு வந்தது!

“அதுதானே பிழை எண்டனீங்கள். பூச்சியத்தை ஏன் அக்கா இன்னும் விட்டிருக்கிறியள்?”

“என்னைப் போல ஆக்களும் வருவினம்தானே சேர்.”

சேர் தன் மேசைக்குப் போனார். என் வயதில் பாதிகூட இல்லாத பொடியன் அவர். பிறகு லாச்சியைத் திறந்து நெல்லியடி அறையின் பூட்டுத் திறப்பை எடுத்து மனோகரியின் முன்னால் வைத்தார். என் கண் கலங்கிவிட்டது. எழுத வெட்கமில்லை. ஜெனரேற்றர் அதற்குப் பிறகுதான் நின்றது. அதைக் கவனித்தவர் யாரும் இல்லை.

வகுப்பு இந்தக் கிழமை தொடங்கிவிட்டது. முதல் நாளே மனோகரி ஒரு சட்டம் போட்டிருக்கிறாராம். அவரவர் எழுதியதை அவரவர் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது. பக்கத்துக் கதிரையில் இருப்பவர் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு அது நல்ல சட்டமாகப் பட்டது. இந்தப் பத்தியை நான் நாலு தரம் வாசித்துப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. ஆகவே பத்திரிகைக்கு அனுப்பமுன் மனைவியிடம் கொடுத்தேன். அவள் கடைசி வரி வரைக்கும் பொறுமையாக வாசித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனால் உங்கடை புரோகிராம் ஓடினதோ எண்டு எழுதவே இல்லையே?”

மன்னிக்க வேண்டும், வாசகர்களே — எனக்கு ஒதுக்கிய இடம் முடிந்துவிட்டது.