மூன்று நிமிட ரிசர்வ்

நோலீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் வில்லாரா என்ற சிற்றூரில், பள்ளி கான்டீனில் இருபத்திரண்டு வருடமாக சாண்ட்விச் போடுகிறாள். எந்தப் பிள்ளைக்கு வெண்ணெய் ஆகாது, எந்தப் பிள்ளை வெஜிமைட் என்ற உப்புக் கரிக்கும் கறுப்புத் தடவல் இல்லாமல் ரொட்டியைத் தொடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளைப் பொறாமைக்காரி என்று முன்பெல்லாம் ஊரில் யாரும் சொன்னதில்லை. தங்கை பெரிய வீடு கட்டிக் குடிபோனபோது, முதல் ஆளாகப் போய் ஜன்னல்களைத் துடைத்துக் கொடுத்தவள் அவள்.

பொறாமைக்காரி என்ற பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது, காசு போட்டு ஆடும் ஒரு போக்கி சூதாட்ட மெஷின்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் கிளப்பில் இறைச்சியைப் பரிசாகத் தரும் குலுக்கலுக்குச் சீட்டு வாங்கிவிட்டுக் காத்திருந்தாள். சும்மா இருப்பானேன் என்று சுவர் ஓரத்திலிருந்து மூன்றாவதாக இருந்த மெஷினில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். திரையில் மூன்று முத்துகள் வரிசையாக வந்து நின்றன. மெஷின் பாடியது. ஆனால் அன்று கிடைத்த பணத்தைவிட, அந்தப் பத்து நிமிடம் தலைக்குள் ஒரு கவலையும் நுழையாமல் இருந்ததே, அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எப்போது போனாலும் அதே மெஷின்தான்; பெரும்பாலும் இரண்டு முத்துதான் வரும். மூன்றாவது ஒரு மயிரிழை தள்ளி நின்றுவிடும். அவளுக்கு அது தோல்வியாகவே படாது. கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டோம், அடுத்தது நமக்குத்தான் என்றே தோன்றும்.

"அதுக்கு நீ யாருன்னே தெரியாது, நோல்" என்பார் கணவர் கெல்வின். "ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் சுத்துது."

"உனக்கென்ன தெரியும்? நீயா அது முன்னாடி உக்காந்திருக்க?"

கெல்வினால்கூட அவளுக்குத் தொல்லை இல்லை. தொல்லை ராஸ்லின்தான். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். நோலீன் எப்போது எழுந்திருப்பாள் என்று இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து காத்திருப்பாள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் ரிசர்வ் பொத்தானை அழுத்திவிட்டுப் போகலாம். மூன்று நிமிடம் வேறு யாரும் அந்த மெஷினில் ஆட முடியாது. மூன்று நிமிடத்தை நம்பி ராஸ்லினிடம் விட்டுப் போவதா? நோலீன் கிளப்புக்கு வரும் நாட்களில் டீ குடிப்பதையே விட்டுவிட்டாள். கடைக்குப் போகும்போதுகூடச் சுற்றுவழியில் வண்டியை ஓட்டி, கிளப் வாசலில் ராஸ்லினின் பச்சைக் கார் நிற்கிறதா என்று பார்ப்பாள். நின்றால் அன்று முழுக்க வயிறு எரியும். தீனி போட்டு வளர்த்தவள் ஒருத்தி, பால் கறப்பவள் இன்னொருத்தியா?

போன வாரம் கெல்வினுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. "அஞ்சே நிமிஷம், வந்துடறேன்" என்று, சிகிச்சை முடிந்து வந்தவரை ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கிளப்புக்குப் போனாள். மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். கட்டுப்போட்ட கண்ணோடு அவர் அதே இடத்தில் இருந்தார். திட்டவில்லை.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடு. இல்லன்னா சனிக்கிழமை நான் டாம்வொர்த்துக்குத் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன்" என்றார்.

அந்தப் பேப்பர் என்பது, என்னை உள்ளே விடாதீர்கள் என்று கிளப்புக்குத் தானே எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்தால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நோலீன் கெல்வினைக் காரில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். கையெழுத்துப் போடத்தான் போனாள். அதில் பொய் இல்லை. ஆனால் ஆபீஸ் அறைக்கு மெஷின்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தன் மெஷினிடம் சொல்லாமல் போவது மரியாதையா என்று உட்கார்ந்தாள். இரண்டு முத்து. மறுபடியும் இரண்டு முத்து. ராஸ்லின் காபியோடு வந்து இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்தாள்.

நோலீன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். விரல் தானாகப் போய் ஒரு பொத்தானை அழுத்தியது.

ஆபீஸில் டாலியா என்ற இளம்பெண் படிவத்தை எடுத்து வைத்தாள். "உக்காருங்க நோலீன். எவ்வளவு நாளைக்குப் போடணும்? குறைஞ்சது ஆறு மாசம்."

"ஏதோ ஒண்ணு போடும்மா, சீக்கிரம். மெஷினை ரிசர்வ்ல விட்டுட்டு வந்திருக்கேன்."

டாலியாவின் பேனா நின்றது. சொன்ன பிறகுதான் நோலீனுக்கும் காதில் விழுந்தது. முகம் சிவந்தது.

அதே நேரம் வெளியே மெஷின் பாடியது. எந்த மெஷின் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். ஓடினாள். திரையில் மூன்று முத்துகள். எதிரில் ராஸ்லின்.

"எந்திரிடி! அது என்னோடது!"

"விளக்கு அணைஞ்சப்புறம்தான் உக்காந்தேன். மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம். உன் பேரா எழுதியிருக்கு இதுல?"

"நான் எழுந்திருக்க மாட்டேனான்னு கழுகு மாதிரிதானே காத்துக்கிட்டிருந்த!"

"நீ மட்டும் என்ன? போன மாசம் எனக்குக் காய்ச்சல்னதும் சந்தோஷப்பட்டவதானே?"

அது உண்மை. நோலீன், பின்னாலேயே வந்திருந்த டாலியா பக்கம் திரும்பினாள். "என் பேரை எழுதறப்போ இவ பேரையும் சேத்து எழுத முடியாதா?"

"அவங்கவங்கதான் எழுதிக் கொடுக்கணும், நோலீன்."

அப்படியானால், தான் வெளியே போனதும் ராஸ்லின் ஆற அமர உட்காருவாள். தினமும். ஆறு மாதம். நோலீன் படிவத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"நோல்."

கெல்வின் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். நல்ல கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷம். எவ வந்து என் பக்கத்துல நின்னாலும் நீ இப்படிப் பாத்ததில்லை" என்றார். "அறுவடை விழா நடனத்துல அந்த நர்ஸ் என்னை விடவே இல்ல, ஞாபகமிருக்கா? நீ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே கேக் சாப்பிட்டுக்கிட்டிருந்த."

ராஸ்லின்கூடப் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நோலீன் நினைத்துப் பார்த்தாள்.  நர்ஸைப் பார்த்துச் சிரித்தவளும் தான்தான், இப்போது ஒரு நாற்காலிக்காக மல்லுக்கு நிற்பவளும் தான்தான்.

ஆபீஸுக்குத் திரும்பி நடந்தாள். 

"மூணு வருஷம்னு எழுதும்மா" என்றாள். "நான் யோசிக்கறதுக்குள்ள எழுது."

கையெழுத்துப் போட்டாள். வாசலில் இருப்பவர்கள் அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாள் டாலியா.

"இங்க பாருங்க, நோலீன். கேமராவைப் பாருங்க."

இரண்டு முறை சொல்லியும் படத்தில் அவள் கண்கள் கதவுக்கு வெளியே, மெஷின் பக்கம்தான் இருந்தன. பரவாயில்லை, முகம் தெரிகிறது என்று டாலியா அதையே படிவத்தில் ஒட்டினாள்.