அப்பா பெயர்ப் பெட்டி

பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில்தான் கலையரசிக்கு வேலை. பள்ளிக்கூடக்காரர்கள் இணையத்தில் தங்கள் சேர்க்கை விண்ணப்பப் படிவத்தைத் தாங்களே செய்துகொள்ள ஒரு மென்பொருளை எழுதியிருந்தாள். பெயருக்கு ஒரு பெட்டி, பிறந்த தேதிக்கு ஒரு பெட்டி என்று இழுத்துப் போட்டால் போதும். பதிலைப் பார்த்து அடுத்த கேள்வி தானே திறக்கும். பஸ் வேண்டும் என்றால் எந்த ஊர் என்று கேட்கும். வேண்டாம் என்றால் ஊர்ப் பெட்டியே காணாமல் போகும். முதலாளி பழனிவேல் வாயைப் பிளந்தார்.

எந்தப் பெட்டியையும் எடுக்கலாம், வைக்கலாம். அப்பா பெயரையும் அவர் செல் நம்பரையும் மட்டும் யாரும் எடுக்க முடியாதபடி அவள் பூட்டியிருந்தாள். அப்பா பெயர் கேட்காத விண்ணப்பம் நம் பக்கத்தில் ஏது? ஒரு தடவை கீழப்பழுவூரிலிருந்து வேம்பு என்ற பெண் போன் செய்து, பிள்ளைக்கு விண்ணப்பம் போடுகிறேன், வீட்டுக்காரர் தவறிவிட்டார், நம்பர் போடாமல் நகர மாட்டேன் என்கிறதே என்றாள். அண்ணன் தம்பி நம்பரைப் போடுங்க என்று சொல்லிவிட்டு இவள் டீ குடிக்கப் போனாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

மாசியில் அவள் புருஷன் முத்துவேல் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தான். கலையரசி அழவில்லை. கல்லாட்டம் இருக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது, வலிக்கவில்லை. காரியம் முடிந்ததும் ஆபீசுக்கு வந்தாள். சோறு இறங்கியது, ருசிதான் தெரியவில்லை.

சித்திரையில் மகள் சக்தியை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்திலும் இவள் மென்பொருள்தான். விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று மத்தியானம் உட்கார்ந்து, அப்பா பெயர் முத்துவேல் என்று அடித்தாள். அடுத்து அவன் நம்பருக்கு ஓடிபி அனுப்புவதாகச் சொன்னது. அந்த போன் அவனோடு சேர்ந்து நசுங்கிப்போயிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள்.

"எங்களால அந்தப் பெட்டிய எடுக்க முடியலங்க. சாப்ட்வேர் செஞ்சவங்களத்தான் கேக்கணும்" என்றாள் அங்கிருந்த பெண்.

"சரிங்க" என்று கலையரசி போனை வைத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்த பழனிவேல், இப்போதைக்கு அவள் அண்ணன் நம்பரைப் போட்டுவிடச் சொன்னார். வேம்புவின் குரல் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததோ.

"வேணாம் சார். நானே சரி பண்ணிடுறேன்."

பூட்டை எடுத்தாள். அப்பா இருக்கிறாரா என்று புதிதாக ஒரு கேள்வி வைத்தாள். இல்லை என்றால் நம்பர் கேட்காது, ஓடிபியும் போகாது. சோதித்துப் பார்க்க மகளின் விண்ணப்பமே திரையில் இருந்தது. 'இல்லை'யைத் தொட்டாள். முத்துவேல் என்ற பெயரோடு பெட்டி மறைந்தது. கீழே இருந்தவை மேலேறி அந்த இடத்தை அடைத்துக்கொண்டன. அப்படி ஒரு பெட்டி இருந்த சுவடே இல்லை. அவளே பார்த்துப் பார்த்துச் செய்த நேர்த்தி அது. 'ஆம்' என்று தொட்டாள். பெயர் திரும்பி வந்தது. மறுபடி 'இல்லை', மறுபடி 'ஆம்'.

"வேலை செய்யுதாம்மா?" என்று பழனிவேல் தன் மேஜையிலிருந்தே கேட்டார்.

"செய்யுது சார்."

பிள்ளைக்கு இடம் போய்விடக் கூடாது. 'இல்லை'யைத் தொட்டு, விண்ணப்பத்தை அனுப்பினாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.