மதகுக்குக் கீழே நின்ற தண்ணீர்

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள், திருச்சி அலுவலகத்தில் எங்கள் துறையின் நீடித்த வளர்ச்சி உத்திக்கு நான் பொறுப்பாக இருந்தேன். குளத்தையும் வாய்க்காலையும் பார்க்க வேண்டிய துறை அது. உத்தி என்று ஒன்று வந்த பிறகு நாங்கள் பார்த்ததெல்லாம் கணினித் திரையைத்தான். ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு கட்டம். நிறைவேறினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. வாரந்தோறும் சென்னையிலிருந்து காணொலிக் கூட்டம் நடக்கும். எந்த ஊரில் என்ன விளைந்தது என்று அதில் ஒருவரும் கேட்டதில்லை. கட்டம் ஏன் இன்னும் சிவப்பு என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிடும்.

குளங்கள் மேம்பட்டதை எதைக் கொண்டு அளப்பது என்று தொடக்கத்தில் ஒரு விவாதம் வந்தது. பாசனம் பெற்ற நிலத்தின் பரப்பை எழுதலாம் என்றார்கள் இரண்டொரு பொறியாளர்கள். தடுத்தது நான்தான். பரப்பு மழையைப் பொறுத்தது. ஒரு வருடம் மழை பொய்த்தால் எல்லாம் சிவப்பாகிவிடும். குளத்தின் கொள்ளளவை எழுதுவோம், தோண்டத் தோண்டக் கூடும் என்றேன். கூட்டத்துக்கே நிம்மதி.

குளம் தோண்டுவதில் ஒரு விதி உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே மண் எடுக்கக் கூடாது. எடுத்தால் தண்ணீர் பள்ளத்தில் நிறைய நிற்குமே தவிர, மதகுக்கு ஏறாது, வயலுக்குப் பாயாது. பொறியாளனான எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் ஆழம் கூடினால்தான் கட்டம் பச்சையாகும். மணப்பாறைப் பக்கம் ஒரு குளத்துக்கான வரைபடம் வந்தபோது, ஆழம் மதகுக்குக் கீழே போவது என் கண்ணில் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

தோண்டி முடித்த ஆண்டு மழை சுமார். வழக்கமாக அவ்வளவு மழைக்கு மதகு வழியே தண்ணீர் போயிருக்கும். இப்போது எல்லாவற்றையும் பள்ளம் வாங்கிக்கொண்டது. மார்கழியில் அந்த ஊரிலிருந்து ஓர் அம்மாள் பஸ் பிடித்து அலுவலகத்துக்கு வந்தார். வாய்க்கால் முடியும் கடைமடையில் கொஞ்சம் நெல் போட்டிருந்தார்.

“கொளம் நெறைய தண்ணி நிக்குதுங்க சார். மதகுல ஒரு சொட்டு வரலை. கதிர் பால் பிடிக்கிற நேரம். ஒரு தண்ணி விட்டாப் போதும், தேறிடும்.”

“நிலத்தடி நீர் உயரும்மா. கிணத்துல ஊறும்” என்றேன். உத்தியில் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

“எனக்குக் கெணறு இருந்தா ஒங்ககிட்ட எதுக்குங்க வரேன்? சாருக்கு எந்த ஊரு?”

“ஸ்ரீரங்கம்.”

“அதானே பாத்தேன். ரெண்டு பக்கமும் ஆத்த வச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்குக் கடைமடை எங்க தெரியும்!”

கோபம் வந்தது. அவர் மீதல்ல என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். அன்று அவர் மீதுதான் வந்தது.

வழி எளிது. ஒரு டீசல் இன்ஜினை வைத்துக் குளத்திலிருந்து வாய்க்காலுக்கு இறைத்தால் போதும். அவசர வேலைக்கு இன்ஜின் அனுப்ப எனக்கே அதிகாரம் இருந்தது. இருந்தும் மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். என்னைவிட வயதில் மிகவும் இளையவர்.

“டீசலா? என்ன சார் நீங்க! எரிபொருளைக் குறைக்கணும்னு உத்தியில நீங்கதானே எழுதினீங்க? போன மாசம்தான் அது பச்சையாச்சு. நீங்களே கெடுப்பீங்களா?”

“பயிர் காயுது சார்.”

“சோலார் பம்புக்கு எழுதுங்க. டீசல் எலக்கும் கெடாது, சோலார் எலக்கும் முடியும்ல?”

எழுதினேன். செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தலைப்புப் போட்டேன். குளம்தான் மேம்பட்டுவிட்டதே, பம்பு எதற்கு என்று கேட்டார்கள். மதகு எட்டாத ஆழத்துக்குத் தோண்டிவிட்டோம் என்று எழுதியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எழுதினால் பச்சை சிவப்பாகும், கையெழுத்து யாருடையது என்று பார்ப்பார்கள். ‘கூடுதல் பாசன வசதிக்காக’ என்று எழுதினேன். இதற்கிடையில் அந்த அம்மாள் மறுபடியும் வந்து, நான் மீட்டிங்கில் இருந்ததால் வெளியிலேயே காத்திருந்துவிட்டுப் போனார். மீட்டிங் முடிந்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

அனுமதி வந்ததும் பம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். வயலில் அவருடைய மாடுகள் நின்றன. கருகிய பயிரை மேய்ந்துகொண்டிருந்தன.

“பம்பு வந்திருச்சும்மா” என்றேன்.

“எதுக்குங்க? பயிருக்குத்தான் தண்ணி கேட்டேன். மாடு கொளத்துலயே போய்க் குடிச்சுக்கும்.”

என்னோடு வந்த உதவிப் பொறியாளர் தயங்கியபடி அருகில் வந்தார். “ஒரு தடவ ஓட்டி போட்டோ எடுத்துட்டா சோலார் இலக்கு முடிஞ்சிரும் சார். இல்லேன்னா திரும்ப வரணும்” என்றார்.

சரி என்றேன். வெயில் நன்றாக இருந்தது. பம்பு ஓடியது, வாய்க்கால் நிறைந்தது, அடித்தாள் மட்டும் நின்ற வயலுக்குள் தண்ணீர் பாய்ந்தது. அந்த அம்மாள் மாடுகளை வரப்புக்கு ஓட்டினார். படத்தில் மாடு விழாமல் இருக்கட்டும் என்று அவரை இன்னும் சற்றுத் தள்ளிப் போகச் சொன்னது நான்.