அண்ணாச்சி வீட்டுக் கடல் தொட்டி

வெறும் தண்ணீருக்கு ஆறு வாரம் மோட்டார் போட்டுக் காவல் காத்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இசக்கிமுத்து அண்ணாச்சிதான் அது. முன்னறையில் ஆறடி நீளத்துக்கு, இரண்டடி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கடல் தண்ணீர், மணல், நாலைந்து கல். மீன் என்று பேருக்கு ஒன்று கிடையாது. ஒரே ஒரு செத்த இறால் அடியில் கிடந்து அழுகிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மனிதர் உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மலரு, ஒங்க அண்ணாச்சிக்கு எதுனா ஆயிடுச்சா?" என்று என்னிடம் விசாரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"அவுருக்கு ஒண்ணும் ஆவல. ஒங்க வேலயப் பாத்துகினு போங்க" என்று அனுப்பிவிடுவேன்.

எனக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். என் வீட்டுக்காரர் அறிவழகனும் அண்ணாச்சியும் ஒரே மைன்ஸில் வேலை. பதினாலு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அண்ணாச்சி சாத்தான்குளத்துக்காரர். இருபத்து மூன்று வயதில் எலக்ட்ரீஷியனாக இங்கே வந்தவர். நிலக்கரி போகிற பெல்ட் எங்கே நின்றாலும் அண்ணாச்சியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி பாப்பாக்கா திருச்செந்தூர்க்காரர். கல்யாணமாகி வந்த புதிதில், "என்ன ஊரு இது, வாசல்ல நின்னா புகைபோக்கி, மாடியில நின்னா மண்மேடு, ஒரு அலை உண்டா?" என்று தினமும் புலம்புவாராம். புலம்பல் தாங்க முடியாமல்தான் அண்ணாச்சி ஒரு சின்னத் தொட்டி வாங்கினார். அது வளர்ந்து வளர்ந்து ஆறடி ஆனது.

அந்த வீட்டுக் கூத்தை என்னவென்று சொல்ல! வீட்டில் மீன் குழம்பு வைக்கும் நாளில் பாப்பாக்கா தொட்டிக்குத் திரை போட்டு மூடிவிடுவார். "அதுக மனசு கஷ்டப்படும்லா" என்பார். ஒவ்வொரு மீனுக்கும் சொந்தக்காரர் பெயர்தான். மற்ற மீனையெல்லாம் முட்டி முட்டி விரட்டுகிற மஞ்சள் மீனுக்கு மாமியார் பெயர். அண்ணாச்சி அறைக்குள் வந்தால் மட்டும் அந்தப் பெயர் 'மஞ்சள்' என்று மாறிவிடும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு இருந்தது. அவை மட்டும் பாப்பாக்காவின் செல்லம். அதில் ஒன்று இரை எடுக்காவிட்டால் அன்றைக்கு அக்காவும் அரைச் சாப்பாடுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம், பாப்பாக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்ச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் கார் நிற்கிறது, அக்கா உள்ளே ஏறிப் படுத்தாயிற்று, அண்ணாச்சி ஓடிவந்து என் கையில் சாவியைக் கொடுத்தார்.

"காலையில ஒரு நேரம் இரை போடு தாயி. வெயிலுக்குத் தண்ணி வத்தும், கோட்டுக்குக் கீழ போகாம ஊத்திரு. எல்லாம் பின்னால இருக்கு."

பின்கட்டில் நீல டிரம் நாலும் வெள்ளைக் கேன் நாலும் வரிசையாக இருந்தன. நீல டிரம்மில் சாமியார்பேட்டையிலிருந்து கொண்டுவந்த கடல் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணாச்சி தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் இறைத்துவிட்டு அதை ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கேனில் இருந்தது நல்ல தண்ணீர். அது குடிக்க வைத்தது என்று நினைத்துக்கொண்டேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? இதில் கேட்க என்ன இருக்கிறது!

அக்கினி வெயில். தொட்டிக்கு மேல் ஃபேன் வேறு ஓடிக்கொண்டே இருக்கும். விடிந்தால் ஒரு குடம் தண்ணீர் காணாமல் போயிருக்கும். நானும் நீல டிரம்மைத் திறந்து கோடு வரைக்கும் ஊற்றுவேன். நாலு டிரம்மும் தீர்ந்ததும் சும்மா இருந்தேனா? என் வீட்டுக்காரரை விரட்டி, குட்டியானை வண்டி பிடித்து, சாமியார்பேட்டைக்கு அனுப்பி மறுபடி நிரப்பி வைத்தேன். அப்படி ஒரு பொறுப்பு எனக்கு!

ஐந்தாவது வாரம் மீன்கள் சாக ஆரம்பித்தன. முதலில் மஞ்சள் போனது. பிறகு தினம் ஒன்று. கோமாளி மீன் இரண்டும் கடைசியில், ஒரே நாளில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாப்பாக்கா தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு, "மலரு, எல்லாரும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்பார். "சாப்ட்டாங்கக்கா, நல்லா இருக்காங்க" என்பேன். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

நாற்பதாம் நாள் அக்கா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணாச்சி தொட்டிப் பக்கமே திரும்பினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மோட்டார் பழசு தாயி. மாத்தணும், மாத்தணும்னு ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டே இருந்தேன். மாத்தல. காத்துப் பத்தாம செத்திருக்கு" என்றார். நானும் அதை நம்பினேன். தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, பழைய போர்வையைப் போட்டு மூடினார். அதோடு சரி. அடுத்த வருஷம் அவருக்கே நெஞ்சுவலி வந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்து, மைன்ஸில் இறங்கக் கூடாது என்று சொல்லி, ஸ்டோரில் உட்கார்கிற வேலைக்கு மாற்றினார்கள். பெல்ட் பெல்ட்டாக நடந்த மனிதர் நட்டையும் போல்ட்டையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. டிவியைக்கூடப் போட மாட்டார். சாயங்கால டீ மட்டும் எங்கள் வீட்டில். அதையும் ஆற வைத்துக் குடிப்பார்.

ஒரே மகள் ஹரிணி கோயம்புத்தூரிலிருந்து வந்து இதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஒண்ணு என்கூட வாங்க, இல்லைன்னா தொட்டியைத் திரும்பக் கட்டுங்க. ரெண்டும் செய்யாம இப்படி உக்காந்திருந்தா நான் ஊருக்குப் போக மாட்டேன்."

அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுப் போர்வையை எடுத்தார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! மூலைக்கு மூலை பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, புதிதாக சிலிகான் வைத்து ஒட்டினார். பின்கட்டில் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஒழுகுகிறதா என்று பார்த்தார். மந்தாரக்குப்பத்தில் சொல்லி இரும்பு ஸ்டாண்டு அடித்தார். மோட்டார் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார், ஒன்று நின்றால் இன்னொன்று ஓட. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் டிரம் உருட்டுவதும் வாளி தூக்குவதும் நானும் என் வீட்டுக்காரரும்தான். "ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆனா குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும், இத்தத் தூக்கிகினு எங்க போவீங்க?" என்று இவர் கேட்டார். "அப்போ உன் தலையில ஏத்திக்கிட்டுப் போவேன்" என்றார் அண்ணாச்சி. வெகுநாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த கேலி அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த அழுகின இறால்கூடக் காரணமாகத்தான். அது அழுகித்தான் புதுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருக வேண்டுமாம். அவைதான் பிற்பாடு மீன் கழிவைச் சாப்பிட்டுத் தண்ணீரைக் காப்பாற்றுமாம். அதுவரைக்கும் மீன் விடக் கூடாது.

அந்த வெறும் தண்ணீர்க் காலத்தில் ஒரு நாள்தான் என் தலையில் இடி விழுந்தது. தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. "மலரு, ஒரு வாளி ஊத்து" என்றார் நாற்காலியிலிருந்தபடியே. நான் பின்கட்டுக்குப் போய் நீல டிரம்மிலிருந்து மொண்டுகொண்டு வந்தேன். மேலே தூக்கியதுமே அவர் கத்தினார்.

"ஏ தாயி, நில்லு நில்லு! எதுல மொண்ட?"

"நீல டிரம்முலதாங்க."

"நல்லாக் கெடுத்தே போ! வத்துனது தண்ணிதான, உப்பு எங்க போச்சு? அது உள்ளயேதான் கிடக்கும். அடுப்புல ரசம் சுண்டிப்போனா உப்புக் கரிக்கும்லா? அதுல மறுபடியும் உப்புத் தண்ணியா ஊத்துவே? பச்சத் தண்ணி ஊத்த மாட்டியா? வெள்ளைக் கேன்ல எடுத்துட்டு வா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் வாளியைக் கீழே வைத்தேன். இருபத்தைந்து வருஷமாக ரசம் வைக்கிறவள் நான். நாற்பது நாள், தினமும் ஒரு குடம் உப்புத் தண்ணீர். அதுகளை உயிரோடு ஊறுகாய் போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே இருந்த வெள்ளைக் கேனைச் சாய்த்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "வுடு மலரு. முடிஞ்சுபோனத எதுக்குக் கிளறிகினு? அந்த மனுஷன் இப்பதான் ரெண்டு வார்த்த பேசுறாரு" என்றார். எனக்கும் அதுதான் பயம். தெரிந்தால் அவர் இந்த வீட்டுப் படி ஏறுவாரா? பதினாலு வருஷப் பழக்கம் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடுமே. வாயை மூடிக்கொண்டேன். அண்ணாச்சி சென்னைக்குப் போய், கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் மீன் வாங்கி வந்தார். கோமாளி மீன் ஜோடி, நீல மீன் ஆறு, சுத்தம் செய்கிற சிவப்பு இறால் இரண்டு. எல்லோரும் வந்து பார்த்தார்கள். நான் மட்டும் வாசலிலேயே நின்றேன். அந்த ஜோடியைப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

நாலு மாதம் போனது. ஹரிணிக்குப் பிரசவ நேரம். அம்மா இல்லாத பெண், அப்பாவாவது கூட இருக்க வேண்டாமா? நாற்பது நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் கிளம்பினார். ஒரு வாரம் முன்னாலேயே சாவியோடு வந்தார்.

"போன தடவ மாதிரியே பாத்துக்கிடு தாயி. உன் மேல ஒரு குறையும் இல்ல. அப்போ அந்த மோட்டார்தான் காலை வாரிட்டு."

போன தடவை மாதிரியே! சாவியை வாங்க என் கை நீளவில்லை. இந்தத் தடவை வெள்ளைக் கேனை ஊற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இவர் உள்ளேயிருந்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். ஆனால் அந்த மனிதர் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என் எதிரில் நிற்கிறார். எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பது?

"அண்ணாச்சி, மோட்டார் இல்லீங்க. நாந்தான். அந்த நீல டிரம்முத் தண்ணியத்தான் நாப்பது நாளும் ஊத்திகினு இருந்தேங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் இறுகியது.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க இருந்த நெலமையில எப்படிங்க கேக்குறது?"

"மூணு வருசமா அந்த மோட்டார நெனச்சு நெனச்சு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார். அவர் குரல் உயர்ந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாள் டீ குடிக்க வரவில்லை. நான் தினமும் போட்டு வைத்து, தினமும் கொட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். எரிந்து விழுந்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். டீயைக் கொடுத்தேன். ஆற விடாமல் குடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கோமாளி மீனு முட்டை போட்டுருக்குன்னு பாப்பாகிட்ட சொன்னியா?"

"ஆமாங்க. அன்னிக்குத்தான் ரெண்டும் செத்துச்சு. அக்கா கேட்டாங்க. வாயில வந்தத சொல்லிட்டேன். அதுவும் பொய்தாங்க."

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வார்டுல ஒரு நர்சு பாக்கியில்ல, எல்லாருகிட்டயும் சொன்னா. ஊசி போட வந்த பிள்ளைகிட்ட, தரை கூட்டுற அம்மாகிட்ட, 'எங்க வீட்டு மீனு முட்டை போட்டுருக்கு'ன்னு. கடைசி மூணு நாளும் அவ முகத்துல சிரிப்பு இருந்தது அதுக்குத்தான். நான் பக்கத்துல இருந்து பாத்தேன்லா."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் சாவியை எடுத்து டீ தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிடி. இந்த பிளாக்குலயே இனி அந்தத் தப்பச் செய்ய மாட்டாள்னு நான் நம்புத ஆளு நீ ஒருத்திதான்."

"எதுனா ஆயிடுச்சுன்னா அண்ணாச்சி?"

"செத்தா, செத்துட்டுன்னு சொல்லு தாயி. எனக்குப் பொய் வேண்டாம். அவளுக்குச் சொன்னதே போதும்."