கூஜாவில் வந்த திருச்சித் தண்ணீர்

இப்போது ஸ்ரீரங்கமும் திருச்சியும் ஒரே மாநகராட்சி. வீட்டுவரி ரசீதில் ஒரே பெயர்தான் அச்சாகி வருகிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படியில்லை. காவிரிப் பாலத்துக்கு வடக்கே ஒரு முனிசிபாலிட்டி, தெற்கே ஒரு முனிசிபாலிட்டி. குழாய் தனி, தெருவிளக்கு தனி, குப்பை வண்டி தனி. இரண்டு ஊருக்கும் நடுவில் காவிரி ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நடுவில் ஓடியது அப்பாவும் மாமாவும் பேசிய பேச்சுதான்.

அப்பா ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்குப் போகிற வழியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். சொம்பு, விளக்கு, கூஜா, வெளியூர்க்காரர்கள் காவிரித் தண்ணீர் பிடித்துப் போகிற சின்னச் செம்பு, இதெல்லாம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருச்சியில் பாலக்கரைப் பக்கம் சாக்கு வியாபாரம். எந்த மண்டியில் எந்தச் சரக்கு வந்தாலும் அதைக் கட்டச் சாக்கு வேண்டுமல்லவா, அதனால் மாமாவுக்கு உட்கார நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ரசம் ஊற்றும்போது ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் ஜங்ஷன் இருக்கிறது என்பார் மாமா. எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் ஆறு இருக்கிறது என்பார் அப்பா. புத்தூர் ஆஸ்பத்திரி என்பார் ஒருவர். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு யாருக்கும் நோயே வருவதில்லை என்பார் மற்றவர். மோர் ஊற்றுவதற்குள் சாக்கடை வரை வந்துவிடுவார்கள். அம்மா இரண்டு ஊரிலும் வாழ்ந்தவள். அவளை ஒருவரும் கேட்டதில்லை.

நயா பைசா வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த கோடையில் இந்தப் பேச்சு விளையாட்டாக இல்லாமல் போயிற்று. பாலக்கரையில் மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் கடை காலியாகிறதாம். பின்பக்கம் குடியிருக்க இரண்டு அறையும் உண்டாம். அப்பா அங்கே வந்துவிட வேண்டும், வைகாசி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார் மாமா. அதற்கு அப்பா, எங்கள் தெரு எவ்வளவு அகலம் என்று சொன்னார்.

"கோயில் இருக்கிறவரைக்கும் இந்த ஊருக்கு என்ன குறை மாப்ள?" என்றார்.

"வர்றவன் பெருமாளைப் பாக்க வர்றான் அத்தான். உங்க கூஜாவைப் பாக்கவா வர்றான்?" என்றார் மாமா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா இலையை மடித்து எழுந்துவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. நான் மொத்தமே படித்தது ஏழாவது வரைக்கும்தான், ஆனால் கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. அது எனக்குப் பிறக்கும்போதே வந்துவிட்டது. திருச்சிக்குப் போனால் பஸ்ஸில் அடிபட்டுவிடுவேனோ என்று கவலை. போகாவிட்டால் மாமா கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவாரோ என்று கவலை. இரண்டு ஊரில் எது உண்மையிலேயே நல்ல ஊர் என்று யாராவது சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் தேவலை என்று தோன்றும். அந்த யாராவது நானாகப் போவேன் என்று நினைக்கவில்லை.

பரீட்சை லீவு விட்டதும் அப்பா என்னைக் கூப்பிட்டார். பத்து நாள் மாமா வீட்டில் இருந்துவிட்டு வா என்றார். சும்மா இருந்துவிட்டு வரக் கூடாதாம். குழாய் எப்படி வருகிறது, விளக்கு எப்படி எரிகிறது, தெரு எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் இரண்டு ஊருக்கும் ஒத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். கடையிலிருந்து ஒரு கூஜாவை எடுத்துக் கொடுத்து, அந்த ஊர்த் தெருக்குழாய்த் தண்ணீரை இதில் பிடித்து வா, குடித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். திருகு மூடி போட்ட கூஜா. மூடியை இறுக்கினால் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு சிந்தாது என்று வாங்க வருகிறவர்களிடம் கவிழ்த்தே காட்டுவார் அப்பா.

மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. போன மறுநாளே என்னை ஊர் காட்டக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மார்க்கெட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. வெங்காய மூட்டையை இறக்குகிறவர்கள் என்னை வழி விலகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உறையூரில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். எங்கே பார்த்தாலும் மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அவருக்கும் நிற்க நேரமில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

எழுதுவது அவ்வளவு சுலபமாக இல்லை. நோட்டில் நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் ஸ்ரீ, மறுபக்கம் தி என்று எழுதியிருந்தேன். எங்கள் தெருவில் பதினோரு விளக்குக் கம்பம், அதில் எட்டு எரியும். மாமா தெருவில் ஐந்தே கம்பம், ஐந்தும் எரிந்தன. எட்டு பெரிதா, ஐந்துக்கு ஐந்து பெரிதா? புத்தூர் ஆஸ்பத்திரியை வாசலிலிருந்து காட்டினார் மாமா. அத்தனை பெரிய கட்டிடத்தை நான் பார்த்ததில்லை, அத்தனை நோயாளிகளையும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு மார்க் கொடுத்து, நோயாளிகளுக்கு ஒரு மார்க் குறைத்தேன். அப்புறம் பார்த்தால் வரிசையில் எங்கள் தெரு தயிர்க்காரம்மாள் நிற்கிறாள். கையில் கட்டு. ஸ்ரீரங்கத்து நோயாளி திருச்சிக் கணக்கில் நின்றால் அதை எந்தப் பக்கம் எழுதுவது? அன்றைக்கு ராத்திரி வரை யோசித்துவிட்டு இரண்டு மார்க்கையும் அடித்துவிட்டேன்.

குழாயை மட்டும் மாமா காட்டவில்லை. அத்தைதான் கூட்டிக்கொண்டு போனார்கள், விடிவதற்கு முன்னால், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று குடத்தோடு. தெருமுனையில் ஏற்கெனவே வரிசை. குழாய் திறந்தபோது தண்ணீர் குடத்தின் அடியில் அடித்த சத்தத்துக்கு நான் பயந்து பின்னால் போனேன். எங்கள் ஊர்க் குழாய் நூல் மாதிரி வரும். ஆனால் எங்கள் ஊரில் வரிசை கிடையாது. கொல்லையில் கிணறு இருக்கிறவர்கள்தான் பாதிப் பேர். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "ஸ்ரீரங்கமா? அங்க கிணத்துல குனிஞ்சா கையாலயே மொண்டுக்கலாமே. இங்க வந்து எங்க தண்ணிக்கு எதுக்குடி நிக்கிற?" என்று என் குடத்தை வரிசையிலிருந்து தள்ளப் பார்த்தாள். அத்தை, இது கல்யாணமாகி வந்த பெண் இல்லை, பத்து நாளில் போய்விடும் என்று சொல்லிச் சமாதானம் செய்தார்கள்.

திரும்பி வரும்போது அத்தை மெதுவாகச் சொன்னார்கள்: "உங்கப்பா கேட்டா குழாய் ஜோரா வருதுன்னு எழுதிக்க. எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்னு எழுதிடாதே."

கிளம்புகிற அன்று அந்தக் குழாயில்தான் கூஜாவை நிரப்பினேன். மூடியை என் பலம் முழுவதும் கொண்டு திருகினேன். மாமா கூட வந்தார். பஸ்ஸில் அவர் முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார, நான் பின்னால் பெண்கள் சீட்டில் கூஜாவை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சத்திரம் தாண்டும்போது பாவாடை குளிர்ந்தது. பாலத்தில் ஏறும்போது சில்லென்று காலில் வழிந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம் பாப்பா, இத்தன வயசாகி இன்னும் மடிய நனைக்கிறியே" என்றாள். பஸ் பாதி சிரித்தது.

நான் சரியாகத் திருகவில்லையா, மரை தேய்ந்திருந்ததா, இன்றுவரை தெரியாது. ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது கூஜாவில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அப்பா கடைக் கூஜா ஒழுகிவிட்டது என்று மாமாவுக்கு எதிரில் எப்படிச் சொல்வது? உங்க கூஜாவைப் பாக்கவா வர்றான் என்று கேட்டவராயிற்றே. 

தெரு திரும்பும் இடத்தில் மாமா வெற்றிலை வாங்க நின்றார். கடைக்காரரிடம் பேச்சு வளர்ந்தது. பத்தடியில் எங்கள் தெருக் குழாய். சாயங்காலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, வழக்கம்போல நூலாக. ஓடிப் போய்க் கூஜாவை அடியில் வைத்தேன். அதுவரை எங்கள் ஊரை விட்டுக்கொடுக்காதவள், அந்தக் கூஜா நிறைகிறவரை மட்டும் பாலக்கரைக் குழாய் இங்கே வந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா கடையை மூடிவிட்டு வந்து கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சீக்கிரம் மூடுகிறாரே என்று எனக்குத் தோன்றவில்லை. மாமா எதிரில் உட்கார்ந்து நோட்டை வாங்கி உரக்கப் படிக்க ஆரம்பித்தார். விளக்குக் கம்பத்துக்கு இருவரும் சிரித்தார்கள். தயிர்க்காரம்மாளால் மார்க்கை அடித்திருந்த இடத்தில் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தைத் திருப்பினார். படிக்க வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். எழுத்துப் புரியவில்லை என்று நோட்டை மூடினார். எனக்கு ரோஷம் வந்தது. என் எழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார்.

"எனக்குப் புரியும், குடு" என்று அப்பா கையை நீட்டினார்.

அந்தப் பக்கத்தில் ஸ்ரீ என்ற எழுத்துக்குக் கீழே நான் மிகவும் யோசித்து, எங்கள் ஊரை ஜெயிக்க வைக்கவே எழுதியிருந்தேன்: 'ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் கூட்டமே இல்லை. யாரும் இடிக்க மாட்டார்கள். அப்பா கடையில் எப்போது போனாலும் உட்கார்ந்து பேச அப்பாவுக்கு நேரம் இருக்கிறது. மாமாவுக்குச் சாப்பிடக்கூட நேரம் இல்லை. ஸ்ரீரங்கத்துக்கு மூன்று மார்க்.'

அப்பா அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்குக் கவலையாகிவிட்டது. எழுத்துப் பிழையோ என்று எட்டிப் பார்த்தேன். மாமா வெற்றிலையை எடுத்தார், போடாமலே திரும்ப மடித்து வைத்தார்.

"தண்ணி கொண்டாந்தியா?" என்று கேட்டார் அப்பா.

தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மாமா அவசரமாக, வெயிலில் வந்த தண்ணீர், பானையில் ஊற்றி வைத்தால்தான் ருசி தெரியும் என்று முன்கூட்டியே வக்காலத்து வாங்கினார். அப்பா அதைக் கேட்கவில்லை. ஒரு வாய் குடித்தார். தம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. நம்ம ஊர்த் தண்ணி மாதிரியேதான் இருக்கு" என்றார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாலக்கரைக் கடைக்காரர்கிட்ட சரின்னு சொல்லிடு. வைகாசில நல்ல நாளாப் பாரு" என்றார்.

இத்தனை வருஷத்தில் மாமா ஜெயித்தது அதுதான் முதல்முறை. அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சரிங்க அத்தான் என்று மட்டும் சொன்னார். அம்மா உள்ளே போய், கழுவி வைத்த அரிசியை இன்னொரு தரம் கழுவினாள்.  அது திருச்சித் தண்ணீர் இல்லை, நம் குழாய்தான், அதை நம்பிப் போக வேண்டாம் என்று சொல்லிவிட எனக்குத் தோன்றியது. சொன்னால் கூஜா ஒழுகியதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். ஒரு குடும்பத்தையே என் பொய்யால் ஆறு தாண்ட வைத்துவிட்டேன் என்று அன்று நம்பினேன்; வெகு காலம் நம்பினேன்.

வைகாசியில் போனோம். கடைப் பாத்திரமெல்லாம் மாமாவின் சாக்குகளில் கட்டி இரண்டு மாட்டுவண்டியில் பாலத்தைத் தாண்டிற்று. அப்பா வண்டியில் ஏறாமல் பாலம் முழுவதும் நடந்தே வந்தார்.

பாலக்கரையில் முதல் நாள் காலை அம்மா வரிசையில் நின்று பிடித்து வந்த குடத்திலிருந்து அப்பாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் கதவு ஓரத்தில் நின்றேன். இதுதான் நிஜமான திருச்சித் தண்ணீர். அப்பா ஒரு வாய் குடித்தார். உடனே விழுங்கவில்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.  பிறகு விழுங்கினார். தம்ளரை அம்மாவிடம் நீட்டி இன்னொரு தரம் ஊற்றச் சொல்லிவிட்டு, "கடையைத் திறக்கணும், சாவி எங்கே?" என்று கேட்டார்.

கண்டுபிடித்துவிட்டார், சாயங்காலம் அடி நிச்சயம் என்று இருந்தேன். சாயங்காலம் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். கடையில் ஆள் வரத் தொடங்கியதில் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நல்லவேளை ஸ்ரீரங்கத்திலேயே கண்டுபிடிக்காமல் விட்டாரே என்று பெருமாளுக்கு நன்றி சொன்னேன். பிறந்ததிலிருந்து அந்த ஊர்த் தண்ணீரையே குடித்த மனிதருக்கு அந்தக் கூடத்திலேயே, முதல் வாயிலேயே தெரிந்திருக்காதா என்கிற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை.