கிழிந்த உதட்டு கட்லா

புனே பக்கம் போபோடியில் குடியிருந்த சின்னதுரைக்கு ஆறு நாள் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஏழாம் நாள் ஒரே ஒரு மீனோடு தகராறு. 1994-இல் லோணாவளா பக்கத்து அணையில் அவர் தூண்டிலில் மாட்டி, கீழுதட்டைக் கிழித்துக்கொண்டு தப்பிய கட்லா அது. எடை பதினைந்து கிலோ என்றார். கேன்டீனில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். முழு எடையையும் நம்பியவர் பக்கத்து மெஷின் மகாதேவன் மட்டுமே. ஞாயிறுதோறும் சேர்ந்தே தூண்டில் போட்டார்கள்; அதை யார் பிடித்தாலும் மற்றவரும் கூட இருக்கும்போதுதான் பிடிப்பது என்று இருவருக்குள்ளும் பேச்சு.

ஐந்து வருடம் பொறுத்த மனைவி லீலா, "அது மீனா, எனக்கு சக்களத்தியான்னு நானே பாக்கறேன்" என்று ஒரு ஞாயிறு இரண்டு குடும்பத்தையும் பிக்னிக்குக் கிளப்பினாள். படகுச் சவாரி, வடாபாவ், சுட்ட சோளம். அணைக்கடியில் இருந்த மீன்குஞ்சுப் பண்ணைக்கும் போகலாம் என்றபோது, மகாதேவன் மட்டும் முகம் சுளித்தார்.

"அங்க இன்னா கீது? நாத்தம்."

போனார்கள். தாய்மீன் தொட்டியில் பண்ணைக்காரர் தீவனத்தை வீசியதும், பெரிய வாய் ஒன்று மேலே வந்தது. கீழுதடு வலப்பக்கம் கிழிந்திருந்தது. சின்னதுரை தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பண்ணைக்காரர் மகாதேவனுக்குக் கைகூப்பி, இந்தியில், "உங்க மீன் நல்லாருக்கு சாப். போன ஆகஸ்ட்ல டிரம்முல உயிரோட கொண்டாந்தீங்களே, இப்ப அதுக்கு லட்சக்கணக்குல குஞ்சு" என்றார்.

போன ஆகஸ்டில் சின்னதுரை ஆம்பூரில், மச்சினி கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார்.

"அப்புறம் ஒரு வருசமா என் பக்கத்துல உக்காந்து தூண்டிலுக்கு மாவு உருட்டிக் குடுத்தியேய்யா. எதுக்கு?"

"சொல்லியிருந்தா ஞாயித்துக்கெழம வந்திருப்பியா நீ?"

"போன வாரங்கூட 'தண்ணி அசையுது பாரு'ன்ன."

"காத்து அடிச்சிச்சுப்பா."

லீலா சிரிப்பை அடக்காமல் கணவரிடம் கேட்டாள். "அப்ப வருசம் பூரா வெறுந் தண்ணியத்தான் பாத்துட்டு வந்தியா?"

சின்னதுரை பையிலிருந்து தூண்டிலுக்கான பிண்ணாக்கு மாவு உருண்டை ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டார். நான்கு வருடம் அதை முகர்ந்துகூடப் பார்க்காத மீன் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, அடுத்ததற்கு வாயைப் பிளந்தது. பண்ணைக்காரர் போட்டதற்கும் அதே வாய். சின்னதுரை பையை மூடினார்.

அடுத்த ஞாயிறு மகாதேவன் வழக்கமான பாறையில், இருவருக்கும் உருண்டை பிடித்துவைத்துக் காத்திருந்தார். சின்னதுரை வந்தார். எதிர்க்கரையில் உட்கார்ந்தார். மாவை அவரே உருட்டிக்கொண்டார்.